பஸ்ஸர் துளையில் ஒரு தோல் துண்டு

1. மேசைக்கு வந்த பெட்டி

பிரபுவின் வண்டி விழுந்த மறுநாள் காலை, அதிலிருந்து கழற்றிய பெட்டி என் மேசைக்கு வந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. ஒரு மூலை தார்ச்சாலையில் தேய்ந்து வெளுத்திருந்தது. ஒயர்களை யாரோ அவசரத்தில் கட்டிங் பிளையரால் வெட்டியிருந்தார்கள்.

எங்களுடையது ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் டூவீலர் ஹாரனும், இண்டிகேட்டரை மின்ன வைக்கும் ஃப்ளாஷரும் செய்கிற சிறிய யூனிட். எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து அங்கே டெஸ்டிங்கில் சேர்ந்தேன். முழுக்க முழுக்க நான் டிசைன் செய்து வெளியே போன முதல் சரக்கு அந்தப் பெட்டிதான். இண்டிகேட்டர் ரிமைண்டர் என்று பெயர். காரில் ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்கினால் இண்டிகேட்டர் தானே அணைந்துவிடும். பெரும்பாலான பைக்குகளில் அப்படி இல்லை. திரும்பி முடித்த பிறகு கட்டைவிரலால் நாமே அணைக்க வேண்டும். மறந்துவிட்டால் நேராகப் போகிற வண்டி திரும்பப் போவதாகச் சொல்லிக்கொண்டே போகும். இண்டிகேட்டர் ஒரு நிமிடத்துக்கு மேல் எரிந்தால் என் பெட்டி பீப், பீப் என்று கத்தும். மேலே ஒரு சிவப்பு விளக்கும் எரியும்.

ஆம்பூர்–பேர்ணாம்பட்டு சாலையில் உள்ள ஒரு ஷூ கம்பெனி தன் தொழிலாளர்களின் வண்டிகளில் மாட்டி ஒரு மாதம் டிரையல் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தது. அந்த டிரையல் நடந்துகொண்டிருந்தபோதுதான் பிரபு விழுந்தார். கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்கிறவர். முழங்கையும் முழங்காலும் சிராய்த்ததோடு போயிற்று.

எங்கள் முதலாளி ஞானம் சார் என் மேசை ஓரத்தில் நின்றார். உட்காரவில்லை. அவர் உட்காராமல் பேசினால் கோபமாக இருக்கிறார் என்று பொருள்.

“இன்னா மேகலா, கத்திக் கத்தி ஞாபகப்படுத்தும்னு சொல்லித்தானே குடுத்தோம்? லெஃப்ட்டு எரிஞ்சினே இருந்திருக்குது. சந்துல இருந்த டெம்போக்காரன், இவன் உள்ள திரும்பறான்னு நெனச்சி வெளிய வந்துட்டான். பொட்டி இன்னா பண்ணிச்சி? தூங்கிச்சா?”

“பாக்கறேன் சார்.”

“பாரு. ஷூ கம்பெனி சேஃப்ட்டி மேடம் போன்ல சுத்தமா கிழிச்சிட்டாங்க. இந்த டிரையல் போச்சின்னா அந்த லைன மூடிட்டு ஹாரனே பண்ணலாம். ஹாரன் யாருக்கும் எதையும் ஞாபகப்படுத்த வேணாம். அமுக்கினா கத்தணும், அவ்ளோதான்.”

அந்த லைனில் ஐந்து பெண்கள் சால்டரிங் செய்கிறார்கள். எல்லோருடைய காதும் எங்கள் பக்கம் இருந்தது.

பெட்டியைப் பவர் சப்ளையில் மாட்டினேன். ஒரு நிமிடம் கழித்துச் சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை. காதில் வைத்துப் பார்த்தேன். கொசு பாடுவதுபோல ஏதோ கேட்டது. சர்க்யூட் வேலை செய்கிறது, பஸ்ஸரும் வேலை செய்கிறது, சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. திருப்பிப் பார்த்தேன். பஸ்ஸர் துளையில் ஏதோ இருந்தது. சேறு என்று நினைத்து ஊசியால் நெம்பினேன். முழுசாக வந்து விழுந்தது.

ஒரு தோல் துண்டு. ஷூவுக்கு உள்ளே வைக்கிற லைனிங் தோல். பஞ்ச் போட்டு வெட்டிய சுத்தமான வட்டம். துளைக்கு அளவெடுத்துச் செய்தது.

எங்கள் யூனிட்டில் புதிதாகச் சேர்கிறவர்கள், “நம்ம ரிமைண்டர் மூடி மட்டும் ஏன் உள்ளே தெரிகிற மாதிரி இருக்கிறது?” என்று கேட்கிறார்கள். அதற்கான பதில் இந்தத் துண்டிலிருந்து தொடங்குகிறது.

2. யார் யார் செய்திருக்கலாம்

பழுது என்றால் காரணங்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடிப்பது என் பழக்கம். இந்த முறை வரிசையில் மனிதர்கள் இருந்தார்கள்.

ஒன்று, ரஃபிக் பாய். ஷூ கம்பெனிக்குக் கொஞ்சம் தள்ளி மெக்கானிக் கடை வைத்திருப்பவர். பெட்டிகளை மாட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

இரண்டு, வண்டிக்காரர்கள். சத்தம் பிடிக்காமல் அடைத்திருக்கலாம். ஆனால் பிடிக்காதவன் ஒயரைப் பிடுங்குவான். யாராவது உட்கார்ந்து பஞ்ச் போடுவானா?

மூன்று, எங்களுக்குப் போட்டியாக வர நினைக்கிற யாரோ.

ஞானம் சாருக்கு வரிசையெல்லாம் தேவைப்படவில்லை. துண்டைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

“பாய்தான். அந்த ஆளு கடைல மியூசிக் ஹாரன் தொங்குது, பாத்திருக்கியா? ரிவர்ஸ் பஸ்ஸர், அது இதுன்னு எல்லாம் அவுரே விக்கறாரு. நம்ம பொட்டி ஓடிச்சின்னா அவுருக்குத்தானே கம்மி?”

“அவர் மாட்டிக் கொடுத்தாதானே சார் அவருக்கு வேலை?”

“மாட்டறதுக்கு ஒருவாட்டி. கழட்டறதுக்கு ஒருவாட்டி. ரெண்டுவாட்டி வேலை.”

அது ஓரளவு நியாயமாகத்தான் பட்டது. அடுத்த நாள் ஆம்பூருக்குக் கிளம்பினேன்.

3. ரஃபிக் பாய் கடை

ரஃபிக் பாய் ஒரு மொபெட்டின் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் தோல் துண்டைக் கையில் வைத்து நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“இத எதுக்கும்மா என்கிட்ட காட்றீங்க?”

“பிரபு வண்டில இருந்த பெட்டில இது அடைச்சிருந்தது பாய். நீங்கதானே மாட்டினீங்க?”

அவர் முகம் மாறியது. “அதான் பாத்தேன். ராணிப்பேட்டைல இருந்து பொழுது விடிய வந்து நிக்கறாங்களே, இன்னா விஷயம்னு. நான் மாட்டினேன். அடைக்கல. அடைக்கணும்னா நான் கம் ஊத்துவேன், ஒரு செகண்டு வேலை. தோல எடுத்துப் பஞ்ச் போட்டு... எனக்கு இன்னா தலையெழுத்தா?”

“யார் அடைச்சாங்கன்னு தெரியுமா?”

“நான் ஒண்ணு கேக்கறேன், நீங்க மொதல்ல அதுக்குச் சொல்லுங்க.” குரலைத் தாழ்த்தினார். “உள்ள இன்னா இருக்குது?”

“டைமர், பஸ்ஸர், ஒரு எல்ஈடி.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“ஜிபிஎஸ் இல்ல?”

“இல்ல பாய்.”

“சிம் கார்டு?”

“பாய், இந்தப் பெட்டியில சிம் கார்டு வெச்சா எங்க முதலாளிக்கு ஹார்ட் அட்டாக் வந்துடும்.”

அவர் சிரிக்கவில்லை. “கம்பெனிக்காரன் ஓசில ஒரு பொருள் குடுக்கறான். ஒரு மாசம் கழட்டக்கூடாதுன்றான். ஸ்க்ரூவுக்கு மேல சீல் ஒட்டி இருக்குது. உள்ள பாக்க முடியாது. பசங்க இன்னா நெனப்பாங்க? யாரு எங்க போறான், யாரு லீவு போட்டுட்டு எங்க சுத்தறான், எல்லாம் பாக்கறதுக்குத்தான்னு நெனக்கறாங்க. என்கிட்டதான் வந்து கேட்டானுங்க. எனக்கே தெரியலன்னு சொன்னேன்.”

சீல் ஒட்டியது நான்தான். தண்ணீர் இறங்கக் கூடாது என்பதற்காக.

கடையிலேயே பையில் இருந்த ஒரு புதுப் பெட்டியின் சீலைக் கிழித்து மூடியைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். டைமர் ஐசியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டு, “இது?” என்றார். சொன்னேன். மைக் இல்லையா என்றார். இல்லை என்றேன். பாதி நம்பினார். மீதிப் பாதி அவர் கண்ணிலேயே இருந்தது. எனக்கும் அவர்மேல் அப்படித்தான்.

கிளம்பும்போது கடை ஓரத்தில் பிரபுவின் வண்டி நிற்பதைப் பார்த்தேன். ஹெட்லைட் உடைந்திருந்தது. இடதுபக்க ஃபுட்ரெஸ்ட் இரண்டும் வளைந்திருந்தன. முன்னாலிருப்பது வளைவது இயல்பு. பின்னாலிருப்பது, ஆள் உட்காரவில்லை என்றால், மடக்கித்தான் இருக்கும். மடக்கிய ஃபுட்ரெஸ்ட் இப்படி வளையாது. விரித்து, அதன்மேல் ஒரு கால் இருந்தால்தான் வளையும்.

பிரபு சேஃப்ட்டி மேடத்திடம் தான் தனியாகத்தான் போனதாகச் சொல்லியிருந்தார்.

“பாய், இதுல பின்னாடி யார் இருந்தாங்க?”

ரஃபிக் பாய் கார்புரேட்டரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். “நான் வண்டிதான் பாத்தேன். ஆள பாக்கல.”

4. ஷெட்டில் ஒரு மதியம்

ஷூ கம்பெனியின் சேஃப்ட்டி ஆஃபீசர் ஸ்டெல்லா மேடம். மெதுவாகத்தான் பேசுவார். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, நாம் பதில் சொல்லி முடித்த பிறகும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அதில் சொல்ல வேண்டாம் என்று நினைத்ததும் வெளியே வந்துவிடும்.

“வேணும்னே பண்றாங்க மேகலா. நல்லது எதுவும் இவங்களுக்குப் பிடிக்காது. ஹெல்மெட் குடுத்தோம், டேங்க்மேல வெச்சிட்டுப் போறாங்க. இது காதுல கத்துதுன்னு அடைச்சிருப்பாங்க. அந்த மெக்கானிக்கும் சேந்துதான்.”

“மத்த வண்டியையும் பாக்கலாமா மேடம்?”

சாப்பாட்டு நேரத்தில் வண்டி நிறுத்தும் ஷெட்டுக்குப் போனோம். முதல் பெட்டியில் தோல் வட்டம். இரண்டாவதில் தோல் வட்டம். மூன்றாவதில் இல்லை, அந்த வண்டிக்காரர் பஸ்ஸருக்கு மேலே பசை நாடாவை ஒட்டியிருந்தார். அப்படியே வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். அடைக்காத பெட்டி ஒன்றிரண்டுதான். சில வட்டங்கள் கறுப்பு, சில பழுப்பு, ஒன்று நல்ல சிவப்பு. அந்த வாரம் எந்த ஆர்டர் ஓடியதோ அந்தக் கலர்.

என் வரிசையிலிருந்து இரண்டு பேரை அடித்தேன். இவ்வளவையும் ரஃபிக் பாய் ஒருவர் செய்திருக்க முடியாது. போட்டிக் கம்பெனிக்காரன் கட்டிங் செக்‌ஷனுக்குள் போய்ப் பஞ்ச் போட முடியாது. மிச்சம் இருந்தது வண்டிக்காரர்கள். அதுவும் எல்லோரும் சேர்ந்து.

சுற்றி ஆள் சேர்ந்துவிட்டது. கையில் டிபன் பாக்ஸோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இது யார் அடைச்சது?” என்றார் ஸ்டெல்லா மேடம்.

“வரும்போதே அப்டிதான் மேடம் இருந்திச்சி.”

“ராணிப்பேட்டைல இருந்து வரும்போதே நம்ம கம்பெனி லைனிங்கோட வந்துச்சா?”

பின்னாலிருந்து ஒரு குரல்: “தோஸ்த்து, அவுங்க அங்கயும் ஷூ பண்றாங்களாம்.”

சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே இன்னொருவர் என்னைப் பார்த்து, “மேடம், சிம் எந்தப் பக்கம் போடறது? ரீசார்ஜ் நாங்க பண்ணணுமா, நீங்களே பண்ணிருவீங்களா?” என்றார். இந்த முறை சிரிப்பு ஜாஸ்தி. ஆனால் கேட்டவர் சிரிக்கவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தின் ஓரத்தில் பிரபு நின்றிருந்தார். முழங்கையில் கட்டு. என் கையிலிருந்த தோல் வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஸ்டிச்சிங் செக்‌ஷன் யூனிஃபார்ம் புடவையில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர். அவருடைய இடது உள்ளங்கையிலும் ஒரு கட்டு. நான் பார்ப்பது தெரிந்ததும் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

5. கேட்டுக்கு வெளியே

சத்தம் பிடிக்கவில்லை என்பது சரி. ஆனால் இண்டிகேட்டரை அணைத்தால் சத்தம் தானே நின்றுவிடும். கட்டைவிரலை அசைத்தால் போதும் என்கிறபோது, பஞ்ச் போட்டுத் தோல் வெட்டுவானேன்? அவர்களுக்கு இண்டிகேட்டர் எரிய வேண்டும், சத்தம் வரக் கூடாது. அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு மேல் எரியவிட எங்கேயோ ஒரு தேவை இருக்கிறது. எங்கே?

அன்று சாயங்காலம் நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. ஷிஃப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே, பேக்கரி ஓரத்தில் நின்றேன்.

அந்தக் கேட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வண்டியை நிறுத்தி ஆள் ஏற்றக் கூடாது. முன்பு ஷிஃப்ட் விட்டதும் ஆளாளுக்கு வண்டியை நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாலையே அடைத்துக்கொள்ளுமாம். லாரிக்காரர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். அதனால் கம்பெனி தடை போட்டது, மீறினால் மெமோ. கம்பெனி வேன் உண்டு. ஆனால் அது மெயின் ரோட்டோடு சரி, உள் ஊர்களுக்குப் போகாது. இதையெல்லாம் மதியம் ஸ்டெல்லா மேடமே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.

சங்கு ஊதியது. முதலில் வண்டிகள் வந்தன. வெளியே வந்தவை போய்விடவில்லை. கேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, காம்பவுண்ட் சுவர் ஓரமாக, புங்க மரங்களுக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. போனைப் பார்ப்பதுபோல, ஹெல்மெட் வாரைச் சரிசெய்வதுபோல நின்றார்கள். ஆனால் எல்லா வண்டிகளிலும் இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருந்தது. சிலவற்றில் இடது. சிலவற்றில் வலது. சுவர் முழுக்க மஞ்சளாக விட்டு விட்டு மின்னியது.

அழகாக இருந்தது. போட்டோ எடுக்கலாம் என்று போனைத் தூக்கினேன்.

அதுதான் நான் செய்த தவறு. அதுவே எனக்கு விடையையும் கொடுத்தது. முதல் வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். அவர் விளக்கு அணைந்தது. அடுத்தது அணைந்தது. வரிசையாகக் கடைசிவரை ஒவ்வொன்றாக அணைந்து, சுவர் இருண்டுவிட்டது. மறதியில் எரியும் விளக்கு ஆளைப் பார்த்து அணையாது.

அப்போது நடந்து வருகிறவர்கள் கேட்டிலிருந்து வெளியே வந்தார்கள். பெரும்பாலும் ஸ்டிச்சிங் பெண்கள். வந்தவர்கள் மரத்தடியைப் பார்த்தார்கள். நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ பலகையில் எழுத்து அழிந்துபோனதுபோல முழித்தார்கள். கையில் கட்டுப் போட்டிருந்த அந்தப் பெண் மட்டும் ஒரு வண்டியருகே போய்ச் சத்தமாகவே கேட்டார்.

“தம்பி, நீ இன்னிக்கி எந்தப் பக்கம்?”

வண்டிக்காரர் என் பக்கம் கண்ணைக் காட்டினார்.

எனக்கு விளங்கிவிட்டது. கேட்டிலிருந்து இடதுபக்கம் போனால் பேர்ணாம்பட்டு வழி ஊர்கள். வலதுபக்கம் ஆம்பூர். இடது எரிந்தால், நான் அந்தப் பக்கம் போகிறேன், பின்சீட் காலி. வலது எரிந்தால் இந்தப் பக்கம். எரியவில்லை என்றால் யாரையும் ஏற்றுவதாக இல்லை. வாயைத் திறக்காமல், பெயர் சொல்லிக் கூப்பிடாமல், செக்யூரிட்டி கண்ணெதிரிலேயே நடக்கிற ஏற்பாடு. ஆளுக்காக நிற்கிற பத்து நிமிடமும் என் பெட்டி பீப், பீப் என்று கத்தினால் என்ன ஆகும்? செக்யூரிட்டி திரும்பிப் பார்ப்பார். அதனால்தான் தோல் வட்டம்.

பத்து நிமிடம் விட்டு விட்டு எரிகிற விளக்கு கண்ணுக்குப் பழகிவிடும், அதன் டிக் டிக் காதுக்குப் பழகிவிடும். ஆள் ஏறியதும் வண்டியைக் கிளப்புகிறார்கள். அணைக்க வேண்டும் என்று தோன்றுவதே இல்லை. பெட்டியோ வாயடைத்துக் கிடக்கிறது. பிரபு அப்படித்தான் இடது இண்டிகேட்டரோடு ஊருக்குப் பாதி வழி போயிருக்கிறார்.

6. பேக்கரி பெஞ்சில்

பிரபுவே சாலையைத் தாண்டி என்னிடம் வந்தார். கைக்கட்டுப் பெண்ணும் கூடவே வந்தார்.

“வீடியோ எடுத்துட்டீங்களா மேடம்?”

போனை அவரிடமே கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். தள்ளித் தள்ளிப் பார்த்தார். என் சர்க்யூட் படங்கள்தான் இருந்தன.

“இவங்கதானே அன்னிக்கு உங்க வண்டில பின்னாடி இருந்தவங்க?” என்றேன்.

அந்தப் பெண், “யாரு சொன்னா?” என்றார்.

“ஃபுட்ரெஸ்ட்.”

“பாத்தியாடா?” என்று பிரபுவைத் திட்டினார். “மடக்கி உட்றான்னு சொன்னேனா இல்லியா?”

“வளைஞ்சி போனத எப்டிக்கா மடக்கறது?”

அவர் பெயர் அமுதா. பிரபுவுக்குப் பக்கத்து ஊர். இடதுபக்கம் போகிற சாலையில் பஸ் இறங்கி, உள்ளே வெகுதூரம் நடக்க வேண்டும். வழியில் விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை.

“இங்க பாருங்கம்மா,” என்றார் அமுதாக்கா. “நீங்க யாரு, கம்பெனி ஆளா, பொட்டிக்கார ஆளா, எனக்குத் தெரியாது. பெரிய மேடத்துகிட்ட போட்டுக் குடுத்தீங்கன்னா இதயும் நிறுத்திருவாங்க. என்ன மாதிரி பொம்பளைங்க இருவது பேராவது இருக்கறோம். ஆறு மணிக்கு மேல நாங்க நடந்துதான் போவணும். அப்டி ஆச்சின்னா பாதி பேரு வேலைய விட்ருவோம்.”

“நான் சொல்லலன்னா இன்னொரு வண்டி விழும்க்கா.”

“விழுந்தது நாங்கதான். எங்களுக்குத் தெரியாதா?”

பிரபு குறுக்கே வந்தார். “மேடம், பொட்டிய நாங்க வேணாம்னு சொல்லல. ரோட்டுல போறப்போ கத்தட்டும். நிக்கறப்போ எதுக்கு கத்தணும்? பேஜாரா இருக்குது. திருடன புடிச்ச மாதிரி கத்துது.”

என் டிசைனில் ஒரு வரி அப்போதே அடிபட்டுவிட்டது. நேரத்தை எண்ணியிருக்கக் கூடாது. தூரத்தை எண்ணியிருக்க வேண்டும்.

“ஒரு வாரம் குடுங்க,” என்றேன்.

“அதுவரைக்கும் மேடத்துகிட்ட?”

“பெட்டியைப் பத்தி மட்டும்தான் பேசுவேன்.”

அமுதாக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை. ஆனால் அவருக்கு வேறு வழியும் இல்லை. மரத்தடியில் ஒரு இடது விளக்கு மட்டும் மெதுவாக மறுபடி எரிய ஆரம்பித்தது. அவர் போய் ஏறிக்கொண்டார்.

7. மாற்றியவை

ஞானம் சார் ஒரே வழிதான் சொன்னார்: “சத்தத்த ஜாஸ்தி பண்ணு.” ஜாஸ்தி பண்ணினால் ஜாஸ்தி தோல் வைப்பார்கள் என்றேன். முறைத்தார், ஆனால் அன்று உட்கார்ந்துதான் பேசினார்.

முதலில் எண்ணிக்கை. முன்சக்கரத்தில் ஒரு சிறு காந்தம், ஃபோர்க்கில் ஒரு சென்சார். சக்கரம் சுற்றினால்தான் கணக்கு ஓடும். நின்ற வண்டியில் எவ்வளவு நேரம் எரிந்தாலும் பெட்டி வாயைத் திறக்காது. வண்டி கிளம்பி நாலைந்து மின்கம்பத் தூரம் போன பிறகும் எரிந்தால்தான் குரல் வரும்.

அடுத்தது குரல். பழைய பீப் ஏறத்தாழ ஃப்ளாஷரின் டிக் டிக் வேகத்திலேயே இருந்தது. காது இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் போட்டுவிடுகிறது. அதனால் தாளத்தை மாற்றினேன். இரண்டு குறில், ஒரு நெடில், பிறகு ஒரு இடைவெளி. என் ஸ்கூட்டரில் மாட்டி ராணிப்பேட்டை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். சத்தம் பழையதைவிடக் கம்மிதான். ஆனால் ஒவ்வொரு முறையும், யாரோ கூப்பிட்டதுபோல நிமிர்ந்தேன்.

விளக்கின் இடமும் தப்பு. ஷெட்டில் பார்த்தபோதே கவனித்திருந்தேன்: எல்லா வண்டியிலும் சாப்பாட்டுப் பை ஹேண்டில்பாரில் தொங்கும், பெட்டி மாட்டிய மீட்டர் பக்கம் ஒன்றும் தெரியாது. விளக்கை இடது கைப்பிடியில், இண்டிகேட்டர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். எந்த விரல் அணைக்க வேண்டுமோ அந்த விரலுக்கு அருகிலேயே எரியட்டும் என்று. வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. மேலே ஒரு சிறு குடை வேண்டும். கைவசம் இருந்த தோல் வட்டங்களில் ஒன்றை மடித்து ஒட்டினேன். சரியாக இருந்தது.

கடைசியாக மூடி. கறுப்பை விட்டுவிட்டு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்கில் செய்யலாம் என்றேன்.

“எதுக்கு? சர்க்யூட்ட எவனாவது பாத்துக் காப்பி அடிப்பான்.”

“காப்பி அடிக்கிறவன் உடைச்சுப் பாத்தும் அடிப்பான் சார். மாட்டறவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்.”

8. ஸ்டெல்லா மேடத்தின் ஜன்னல்

புதுப் பெட்டியோடு போனபோது ஸ்டெல்லா மேடம் அதைத் தொடவில்லை.

“யார் அடைச்சதுன்னு தெரிஞ்சுதா?”

“மெக்கானிக் இல்ல மேடம். அவர்மேல தப்பே இல்ல. பெட்டி நிக்கிற வண்டியிலயும் கத்துச்சு. அதனாலதான் அடைச்சாங்க. தப்பு டிசைன்ல. மாத்திட்டேன்.”

“நிக்கிற வண்டில எதுக்கு இண்டிகேட்டர் எரியுது?”

“கேட்ட விட்டு வெளிய வந்து கும்பலா நிக்கும்போது போட்டு வெச்சிக்கறாங்க மேடம்.”

“எதுக்கு?”

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குள்ளே எல்லாம் வரிசையாக நின்றது: இடது, வலது, பின்சீட், ஃபுட்ரெஸ்ட், அமுதாக்காவின் உள்ளங்கை. ஒன்றைச் சொன்னால் மற்றதும் வந்துவிடும்.

“பெட்டிக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான் மேடம்,” என்றேன்.

அவர் நாற்காலியைத் திருப்பினார். அவருக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்ட் சுவர், புங்க மரங்கள், மரங்களுக்குக் கீழே காலி இடம். அதுவரை நான் அந்த ஜன்னலைக் கவனித்ததே இல்லை.

“மூணு வருஷமா இந்த ரூம்லதான் உக்காந்திருக்கேன்,” என்றார். பிறகு, “மறுபடியும் ஒரு மாசம் டிரையல். இந்தத் தடவை யாராவது விழுந்தா நான் எல்லாத்தையும் கேப்பேன்.”

எல்லாத்தையும் என்ற சொல்லை மெதுவாகச் சொன்னார். தெரிந்து விட்டுவைத்திருக்கிறாரா, என்னைச் சோதிக்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

9. சுவர் ஓரம், மறுபடியும்

ரஃபிக் பாய்தான் மாட்டினார். ஒவ்வொரு பெட்டியையும் வெயிலில் தூக்கிப் பிடித்து, மூடி வழியாகப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினார்.

“எல்லாம் ஒண்ணுதான் பாய்.”

“ஒண்ணுதான். ஆனா ஒண்ணுல மட்டும் வெச்சிருந்தீங்கன்னா?”

வண்டிக்காரர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். ஒருவர் தன் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாதம் முடியும் சமயத்தில் ஒருநாள் சாயங்காலம் அதே பேக்கரி ஓரத்தில் நின்றேன். போன் பைக்குள் இருந்தது. வண்டிகள் சுவர் ஓரம் நின்றன. இடதும் வலதுமாக மஞ்சள் விளக்குகள். நான் நிற்பது தெரிந்தும் ஒன்றும் அணையவில்லை. பெண்கள் வெளியே வந்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், ஏறிக்கொண்டார்கள். ஒரு சத்தமும் இல்லை.

வண்டிகள் கிளம்பின. இடதுபக்கம் போனவை சாலையில் நீண்ட வரிசையாகத் தெரிந்தன. பாதிக்கு மேல் இண்டிகேட்டர் எரிந்துகொண்டேதான் போயின. முன்னால் போன வண்டி நாலைந்து கம்பம் தாண்டியது. அதன் மஞ்சள் விளக்கு அணைந்தது. அதே இடத்தில் அடுத்தது அணைந்தது. அடுத்தது. பார்வைக்கு எட்டும்வரை, அந்த ஒரு கம்பத்தைத் தாண்டிய பிறகு ஒரு வண்டியிலும் இண்டிகேட்டர் எரியவில்லை.

எங்கள் லைன் மூடப்படவில்லை. ஐந்து பேர் ஏழு பேரானார்கள்.

பிரபுவை அப்புறம் ஒருமுறை ரஃபிக் பாய் கடையில் பார்த்தேன். அவர் சாவிக்கொத்தில் ஒரு சிவப்புத் தோல் வட்டம் தொங்கியது. பஸ்ஸர் துளை அளவு.

“அது இன்னும் எதுக்கு பிரபு?”

“கெடக்கட்டும் மேடம். பொட்டி இப்போ ஒழுங்காத்தான் இருக்குது. உங்க முதலாளிக்குத் திடீர்னு வேற யோசனை வந்துச்சின்னா?”

எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். சந்தேகமாகத்தான் பார்த்தார். பிறகு மறுநாள் பழுப்பில் ஒன்று வெட்டிப் பாயிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது என் டெஸ்டிங் மேசையில் இருக்கிறது. எச்சரிக்கிற பொருள் எதைச் செய்தாலும், வோல்டேஜ் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் துண்டை எடுத்து அதன் துளைமேல் வைத்துப் பார்க்கிறேன். இதை ஒருவர் அடைக்க நினைத்தால், எதற்காக நினைப்பார்? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகுதான் பெட்டியை மூடுகிறேன்.